ஆடாத மெஷின்

என் தம்பி வாஷிங் மெஷின் மெக்கானிக். நான் தையல்காரி. அவன் கல்யாணத்துக்கு நான் பார்த்துப் பார்த்துத் தைத்த கோட்டைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, கடையில் வாங்கியதைப் போட்டுக்கொண்டு மேடையில் நின்றான். தோள் பிடிக்கிறதாம். பிடித்தால் சொல்ல வேண்டியதுதானே, நான் பிரித்துத் தர மாட்டேனா? அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள்தான். அவனும் சமாதானத்துக்கு வரவில்லை.

நல்லவேளை, என் வீட்டு மெஷின் கிழடு. மாதம் தவறாமல் மக்கர் பண்ணும். தம்பியைத் தவிர யாரையும் தொட விடமாட்டேன். அவன் வந்து பின்மூடியைக் கழற்றுவான்.

"பெல்ட் தேஞ்சிருக்கு."

"சரி."

"குட்டிக்குப் பல்லு முளைச்சிருக்கு."

"எத்தனை?"

"ரெண்டு."

இப்படி ஒரு திருகாணிக்கும் அடுத்த திருகாணிக்கும் நடுவில் அவன் வீட்டுச் சேதியெல்லாம் எனக்கு வந்து சேரும்.

போன வாரம் என் வீட்டுக்காரர், நல்லது செய்வதாக நினைத்து, புது மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார். "இனிமே உனக்குத் தலைவலி இல்ல. எதுன்னாலும் கம்பெனிக்காரனே வந்து பாத்துப்பான்."

இனி தம்பியை எதைச் சொல்லிக் கூப்பிடுவேன்? சும்மா கூப்பிட்டுப் பேசலாமே என்பீர்கள். எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு; கோபமும் அதன் மேலேயேதான் உட்கார்ந்திருக்கும்.

பழையதை உதிரி பாகங்களுக்கு எடுத்துக்கொள்ளத் தம்பியிடம் சொன்னேன். வந்தான். புதியதைப் பார்த்ததும் அவன் முகம் தொங்கிப்போயிற்று. பழையதைத் தள்ளுவண்டியில் ஏற்றி வாசல்வரை போனான். இன்று போனால் போனதுதான்.

வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தான். புது மெஷின் மேல் கையை வைத்து அழுத்தினான்.

"அக்கா, இது ஆடுது."

காலையில்தான் அதன் மேல் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து ஓடவிட்டுப் பார்த்திருந்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"கம்பெனிக்காரனுக்கு இதெல்லாம் பிடிபடாது. மாசாமாசம் நான் வந்து பாத்தாதான் சரியா வரும்," என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஆமாடா, காலைலேர்ந்தே எனக்கும் சந்தேகம். வரும்போது குட்டியையும் தூக்கிட்டு வா."

வீட்டுக்காரர் மெஷினைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். "எங்க ஆடுது? கல்லு மாதிரி நிக்குதே."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது," என்று நானும் தம்பியும் ஒரே நேரத்தில் சொன்னோம். அந்தக் கோட்டுக்குப் பிறகு நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.