பதினோரு நாள் வேலை

எங்கள் நிலம் மேட்டில். கொழுந்தனார் நிலம் அதற்குக் கீழே. மழை பெய்தால் எங்கள் மேல்மண் வழிந்து அவர் நிலத்தில் போய்ப் படியும். மழை விட்டதும் நானும் என் வீட்டுக்காரரும் கூடையோடு இறங்கி, அதை அள்ளித் தலையில் சுமந்து மேலே கொண்டுவந்து கொட்டுவோம். அடுத்த மழையில் மறுபடி இறங்கிவிடும். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கூத்து.

"அண்ணி, உங்க மண்ணு வந்து உக்காந்திருக்கு. கூட்டிட்டுப் போங்க" என்று கொழுந்தனார் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரிவுக்குக் குறுக்கே கல்வரப்பு போடச் சொல்லி விவசாய ஆபீசர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். "கல்லு வச்சா ரெண்டு சால் உழுற இடம் போயிடும்" என்று என் வீட்டுக்காரர் ஒரே பிடியாக நின்றார். நானும் ஆமாம் போட்டேன், மறைப்பானேன்.

போன மழையில் பாதி ஏற்றத்தில் என் முட்டி மடங்கிவிட்டது. கூடையோடு குப்புற விழுந்தேன். வாயெல்லாம் மண்.

"இனிமே ஒரு கூடை தூக்க மாட்டேன். வரப்பு போடுங்க, இல்ல நீங்களே தனியாச் சுமங்க."

இரண்டு நாள் அவரே தனியாகச் சுமந்து பார்த்தார். மூன்றாம் நாள் கடப்பாரையை எடுத்தார். அவர் கல்லைப் பெயர்த்து உருட்டி வர, நான் காலை நீட்டி உட்கார்ந்தபடி அடுக்கினேன். இருவருமாகப் பதினோரு நாளில் முடித்தோம்.

ஆபீசர் ஒரு படிவத்தோடு வந்தார். "எதனால வரப்பு போட்டீங்க? பயிற்சியா, மானியமா, பக்கத்து நிலத்தப் பாத்தா?"

"முட்டி வலி."

"அது இதுல இல்லயேம்மா."

"அப்ப உங்களுக்குப் பிடிச்சத எழுதிக்கோங்க."

முதல் மழை சாயங்காலம் வரை கொட்டித் தீர்த்தது. வரப்பு பிடுங்கிக்கொண்டால் மறுபடி கூடைதான் என்று மழையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் இவர் பழக்க தோஷத்தில் கூடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். நான் நொண்டிக்கொண்டே வரப்புக்குப் போனேன். ஒரு கல் நகரவில்லை. கல்லுக்கு மேல்புறம் அரை முழத்துக்கு மண் நின்றிருந்தது. வெறும் கூடையோடு அவர் திரும்பி வந்தார்.

"பாத்தீங்களா?" என்றேன். சந்தோஷம் தாங்கவில்லை.

அவர் உட்கார்ந்து அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"எத்தன நாள்டி ஆச்சு, இதக் கட்ட?"

"பதினோரு நாள்."

"பதினோரு நாள்" என்றார், இருபத்திரண்டு வருஷம் கூடை சுமந்த பிடரியைத் தடவிக்கொண்டே. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.