சங்கிலிக்கு இந்தப் பக்கம் தேநீர்

அட்லஸ் மலையின் உச்சி ஏரியைப் பார்க்கத் தலைக்கு ஐம்பது திர்ஹாம் என்று விடுதி முதலாளி விலை வைத்துவிட்டார். பாதையின் குறுக்கே சங்கிலி. வசூலுக்கு நாற்காலியில் எங்கள் ஊர்ப் பையன் பாஸோ.

விடியலில் கிளம்பிய நானும் என் அக்கா தூதாவும் அங்கே மறிக்கப்பட்டோம்.

“காசு எடுங்கக்கா. சும்மா விட்டா முதலாளி திட்டுவாரு.”

“ஏரியில தண்ணி அவருதான் ஊத்தி வச்சாராடா?” என்றாள் தூதா. “நான் பொறந்ததுலேர்ந்து ஏறுற மலை. ஒத்தைக் காசு தரமாட்டேன்.”

சொன்னவள் சங்கிலிக்கு முன்னாலேயே அடுப்பு மூட்டினாள். புதினாத் தேநீர் மணந்தது. “வா, குடி.”

எங்கள் பள்ளத்தாக்கில் நீட்டிய தேநீரை மறுப்பது கன்னத்தில் அறைவதற்குச் சமம். குடித்துவிட்டு, கொடுத்தவரிடமே அன்று காசு கேட்பது அதைவிடக் கேவலம். பாஸோ நெளிந்தான், வழக்கப்படி மூன்று குவளையையும் குடித்தான்.

“இப்பக் கேளுடா அம்பது.”

“கவுத்துட்டீங்களேக்கா!” என்று சங்கிலியை அவிழ்த்தான்.

நண்பகலில் ஏரிக்குள் காலை விட்டுக்கொண்டு அக்கா மலை அதிரச் சிரித்தாள்.

மறுநாள் ஊரே ஏறியது, வீட்டுக்கொரு கெண்டியோடு. முதலாளியின் அன்றைய கணக்கில் வரவு, பாஸோவின் வயிறு முட்டத் தேநீர். ரொக்கம், ஒன்றுமில்லை.