அக்கா ஃப்ரீதானே?

"ஃப்ரீயா விடுங்கக்கா" என்றாள் பிசியோதெரபி செய்யும் பெண். தையல்காரியின் வலது கையைச் சற்று விலக்கித் தன் உள்ளங்கையில் தாங்கியிருந்தாள்.

"விட்டுட்டேனே."

பிசியோ பெண் தன் கையை எடுத்துக்கொண்டாள். தையல்காரியின் கை விழவில்லை. அந்தரத்தில் அப்படியே நின்றது.

"இதுக்குப் பேரு விட்டதா? யாருக்கு வழி காட்டுறீங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றும் போனது. தோள் இறுகி மூன்று மாதமாகிறது. 'கை சரியானதும் வாங்க' என்று கடையில் அனுப்பிவிட்டார்கள். சரியாகாவிட்டால் அவளுடைய மெஷினில் வேறொருத்தி உட்காருவாள்.

"பாரத்த என்கிட்ட குடுங்கக்கா. தூங்குற குழந்தை எப்படிக் கனக்கும், அப்படி."

காலையில் தங்கை போனில் கேட்டதும் குழந்தையைப் பற்றித்தான். "நீ இப்ப ஃப்ரீதானேக்கா? நான் வேலைக்குத் திரும்பணும். ரெண்டு மாசம் வந்து பாப்பாவப் பாத்துக்கயேன்." சாயங்காலம் சொல்கிறேன் என்றிருந்தாள்.

இடுப்பில் கொஞ்சம் ஃப்ரீயாக இருக்கட்டும் என்று வாடிக்கைக்காரி சொன்னால் ஒரு விரல் அளவு துணி கூடுதலாக விடுவாள். ரெண்டு சட்டைக்கு ஒரு பை ஃப்ரீயா என்று கேட்டால் மீந்த துணியில் தைத்துக் கொடுப்பாள். அண்ணன் கத்திவிட்டுப் போனால், ஃப்ரீயா விடு என்பார்கள், வாயை மூடிக்கொள்வாள். கல்யாணம் ஆகாததால் எப்போதுமே ஃப்ரீ. யார் எந்த அர்த்தத்தில் சொன்னாலும் கடைசியில் அவள்தான் எதையாவது கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் கூப்பிட மாட்டார்களா என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்ததும் அவள்தானே?

"குழந்தையத் தூக்கலாமாம்மா?"

"மூச்! ஒரு வாளித் தண்ணிகூடக் கூடாது. தூக்கினீங்கன்னா இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் விழலுக்கு இறைச்ச நீர்தான்."

வீட்டுக்கு வந்து இடது கையால் போனில் எண்ணை அழுத்தினாள். தங்கை எடுத்தாள். நலம் விசாரிப்பெல்லாம் முடிந்தது.

"என்னால வர முடியாதுடி."

"ஏன்? அப்படி என்ன வெட்டி முறிக்கிற வேலை உனக்கு?"

"தோள் இறுகிப்போச்சு. பாப்பாவத் தூக்கக் கூடாதாம். மூணு மாசமா இப்படித்தான்."

"மூணு மாசமாவா? கடையில லீவு விட்டிருக்காங்கன்னு சொன்ன?"

"அது சும்மா சொன்னது."

"நான் என்ன மூணாம் மனுஷியா? ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா கூப்பிட மாட்டியோன்னு."

மறுமுனையில் பாப்பா சிணுங்கியது. தங்கை அதை எடுத்துத் தோளில் போட்டுத் தட்டும் சத்தம் கேட்டது.

"லூசு" என்றாள். "பாப்பாவுக்கு வேற ஆள் பாத்துக்கலாம். ஞாயித்துக்கிழமை வர்றேன். எனக்குன்னு எதையாவது சமைச்சு வச்சே, தொலைச்சுடுவேன்."