கப்பல்காரருக்குக் கருமாதி

இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. வைகையில் ஓடுகிற தண்ணீர்மேல் சத்தியமாகச் சொல்கிறேன். இதையே சித்திரையில் சொல்லியிருந்தால் நீங்கள் சந்தேகப்படலாம். இப்போது ஐப்பசி. தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஓடுகிறது. நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

1971, கார்த்திகை மாதம். கிழக்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. வாடிப்பட்டி பஸ் நிற்கும் இடத்தில் வீரணன் டீக்கடை. சாயங்காலச் செய்திக்கு அங்கே ரேடியோவுக்கு முன்னால் ஊரே கூடும். டில்லி என்ன நினைக்கிறது என்பதை ரேடியோ சொல்லும். நாங்கள் என்ன நினைக்கிறோம் என்பதை, செய்தி முடிந்ததும் வீரணன் சொல்லுவார்.

அதுவரைக்கும் அமெரிக்காமேல் எங்கள் ஊருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவர்கள் அனுப்பிய கோதுமையைத் தின்றோம். பால்பவுடரைப் பள்ளிக்கூடத்தில் கரைத்துக் கொடுத்தார்கள், பிள்ளைகள் குடித்தன. "தர்மப்பிரபுக" என்று வீரணன் வாயாலேயே கேட்டிருக்கிறேன். ஒரு நாள் சாயங்காலம், அந்த நாட்டுப் போர்க்கப்பல்கள் வங்காள விரிகுடாவுக்குள் வருகின்றன என்று ரேடியோ சொன்னது. மறுநாள் காலையில் அதே வாய், "அந்தக் கோதுமையில புழு இருந்துச்சே, மறந்துட்டீகளா?" என்று கேட்டது. ஒருவரும் மறக்கவில்லை. இல்லாத புழுவை ஆளுக்கொன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டார்கள்.

சமயநல்லூர்க்காரர்கள் முந்திக்கொண்டு ஒரு உருவப் பொம்மையைக் கொளுத்திவிட்டார்கள். இது காசிமாயனுக்குப் பொறுக்கவில்லை. காசிமாயன் எங்கள் ஊர்க் கட்சிக் கிளைச் செயலாளர், மலையாண்டிக்கு ஒரே மகன். தை மாதம் சமயநல்லூர் சின்னக்கருப்பன் மகள் அன்னக்கொடியோடு அவனுக்குக் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். மாமனார் ஊர் ஒரு படி மேலே போய்விட்டால் மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை?

வைக்கோலைக் கட்டி உடம்பு செய்தார்கள். சுண்ணாம்பு அடித்த பானை தலையாயிற்று. கோட்டு வேண்டுமே என்று யோசிக்கையில், தாலுகா ஆபீசில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற பஞ்சாபகேசன் தாமாகவே தம்முடைய பழுப்புக் கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஊரில் அமெரிக்காவை அதிகமாகப் புகழ்ந்தவர் அவர்தான். இரண்டு நாளாக அவரைப் பார்த்ததும் டீக்கடையில் பேச்சு நின்றுபோயிற்று.

"தேசத்துக்குன்னு வந்தப்புறம் கோட்டென்ன பெரிய கோட்டு? எரிச்சுடுங்கோ. நான் குடுத்தேன்னு நாலு பேர் கேக்கறாப்ல சொல்லிட்டு எரிங்கோ" என்றார்.

பொம்மைக்குக் குறிப்பாக ஒருவர் பெயரை வைக்கவில்லை. கப்பலை அனுப்பியவர், ஆகையால் கப்பல்காரர். அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் மழை பொய்த்த வருஷங்களில் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுப்பதுண்டு. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். கடைசியில் ஆளுக்கு ஒரு கொள்ளியாக எல்லோருமாக எறிவார்கள். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எல்லோரும் கொளுத்தினால் யாரும் மகன் ஆவதில்லை.

காசிமாயனுக்கு இந்த நிதானம் அன்றைக்கு இல்லாமல் போயிற்று. கூட்டம் கைதட்டக் கைதட்ட அவனுக்கு வேகம் ஏறியது. தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பொம்மையை மூன்று சுற்றுச் சுற்றினான். பின்னால் வந்தவன் சுற்றுக்கு ஒரு ஓட்டையாகக் குடத்தில் போட்டான். குடத்தை முதுகுக்குப் பின்னால் போட்டு உடைத்து, திரும்பிப் பார்க்காமல் கொள்ளி வைத்தான். சொந்தத் தகப்பனுக்குச் செய்கிற அத்தனையும் செய்தாயிற்று. கூட்டம் விசிலடித்தது. கூட்டத்தில் மலையாண்டியும் கைதட்டிக்கொண்டு நின்றார். குடம் உடைந்த சத்தத்தில் அவர் கை மட்டும் பாதியில் நின்றது.

"எலேய்," என்றார் மெதுவாக, "நான் இங்கன நிக்கேன்டா."

மறுநாளே சமயநல்லூரிலிருந்து சின்னக்கருப்பன் வந்து இறங்கினார். கொடுத்த மோரை வாங்கிக் கீழே வைத்தார். துக்க வீட்டில் அவர் எதுவும் குடிப்பதில்லை.

"கொள்ளி வச்ச கையி, மாப்ள. ஒரு வருசத்துக்கு நல்லது கெட்டதுல நல்லது கெடயாது. தையில தாலி எப்படிக் கட்டுவீக?"

"மாமா, அது வைக்கலு!"

"வைக்கலுக்கா மூணு சுத்துச் சுத்துனீக? வைக்கலுக்கா கொடம் ஒடச்சீக?"

"நீங்களுந்தான ஒங்க ஊர்ல எரிச்சீக?"

"நாங்க பெட்ரோல ஊத்தி எரிச்சோம். நீங்க மகனா நின்னு எரிச்சிருக்கீக. பதினாறாம் நாளு முறையாக் கருமாதி செஞ்சு தீட்டக் கழிங்க, தையில கல்யாணம். இல்லாட்டி அன்னக்கொடிய உசிலம்பட்டியில கேட்டுக்கிட்டிருக்காக."

காசிமாயனுக்கு அன்னக்கொடி என்றால் உயிர். ஆனால் எதிரிக்குப் பிண்டம் வைத்தான் என்று பெயர் வந்தால் கட்சி என்ன சொல்லும், ஊர் என்ன சொல்லும்? முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. சின்னக்கருப்பன் போய்விட்டார். மோர் அப்படியே இருந்தது. அதில் ஒரு வைக்கோல் மிதந்தது.

அன்று சாயங்காலச் செய்தி ஆரம்பிக்கையில் டீக்கடையில் வைக்கோல் கருகிய வாடை அடித்தது. பெஞ்சின் கடைசியில் பழுப்புக் கோட்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. தோள் பக்கம் எரிந்த ஓட்டை. கழுத்துக்குமேல் கரி பிடித்த பானை. கண்ணும் வாயும் வெந்து வெடித்திருந்தன. வாடிப்பட்டியில் பாதிப்பேர் அங்கே இருந்தோம். எல்லோரும் பார்த்தோம். மற்றவர்கள் பார்த்தார்களா என்று தெரியாததால் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"தள்ளி ஒக்காரு மகனே" என்றது பானை.

"ஆ... ஆரு?" என்றான் காசிமாயன்.

"கொள்ளி வச்ச கையி. அதுக்குள்ள மறந்துருச்சாக்கும்."

அமெரிக்காக்காரர் எப்படி எங்கள் ஊர்ப் பேச்சுப் பேசுவார் என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். வைக்கோல் வாடிப்பட்டி. பானை வாடிப்பட்டி. அவருக்குள் அடைத்த வசவு அத்தனையும் வாடிப்பட்டி. வேறு எந்தப் பாஷை அவருக்கு வரும்?

செய்தி முடிந்தது. அவர் முன்னால் குனிந்து, "என்னயப் பத்தி என்ன பேசிக்கிறாக?" என்று கேட்டார். வழக்கம்போல வீரணன் கப்பலைத் திட்ட ஆரம்பித்தார். திட்டத் திட்டக் கோட்டு உப்பியது. பொத்தான்கள் தெறிக்கும்போல இருந்தன. பானைக்குள் கங்கு சிவந்தது. வீரணனால் வாயை நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் நாட்டுப்பற்று இல்லை என்றாகிவிடுமே.

இரண்டொரு நாளில் சண்டை முடிந்தது. நாம் ஜெயித்தோம். தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள். கப்பல் என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து கப்பல்காரர் இளைக்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு உண்மையான பயம் வந்தது. ஊதியிருந்தபோது அவர் பெஞ்சை விட்டு நகர்ந்ததில்லை. இளைத்த பிறகு தெருவில் அலைந்தார். நாலு பேர் கூடி நிற்கிற இடத்துக்கெல்லாம் வந்து, ஓரமாக நின்று, காது கொடுத்துக் கேட்பார். நாங்கள் நெல் விலையைப் பேசுவோம், ஜல்லிக்கட்டுக் காளையைப் பேசுவோம். அவர் இன்னும் கொஞ்சம் ஒல்லியாகித் திரும்பிப் போவார். கிணற்று வாளியில் வைக்கோல் வந்தது. பிள்ளைகள் தலை சீவினால் வைக்கோல் உதிர்ந்தது. காசிமாயன் பிசைந்த சோற்றில் ஒவ்வொரு கவளத்திலும் வைக்கோல்.

ஒரு நாள் பொழுது சாய்கிற நேரத்தில் வீட்டு வாசலில் அவனை மறித்துக்கொண்டு நின்றார். கோட்டுக்குள் ஒரு பிடி வைக்கோல்கூட மிச்சமில்லை. வெறும் கோட்டுதான் நின்றது.

"என்னய வெறுக்கக்கூட ஆளில்லையேடா மகனே. இங்கன கெடக்கவும் முடியல, போகவும் வழி தெரியல. நீயாச்சும் என்னய வையேன்."

காசிமாயன் வாயைத் திறந்து பார்த்தான். திட்டு வரவில்லை. அவனுக்கே கோபம் தீர்ந்துபோயிருந்தது. கட்டிலில் கிடந்த மலையாண்டி எழுந்து வந்தார்.

"ஏம்யா, ஒமக்குன்னு பிள்ளகுட்டி இல்லயா? எம்மவன்தான் கெடச்சானா?"

"நானா கேட்டேன்? ஒம்மவன்தான்யா வந்து மகனா நின்னான். நீரு கைதட்டிக்கிட்டிருந்தீரு."

மலையாண்டி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

பதினாறாம் நாள் நெருங்கியது. உசிலம்பட்டிக்காரர்கள் பூ வைக்க வருவதாகச் சமயநல்லூரிலிருந்து தகவல் வந்தது. காசிமாயன் டீக்கடைக்கு ஓடி வந்தான்.

"அண்ணே, ஊரு என்ன சொல்லுதோ அதுதான். எதிரின்னா எதிரி, அப்பன்னா அப்பன். ஒண்ணச் சொல்லுங்க. நான் சோறு தின்னு எம்புட்டு நாளாச்சு தெரியுமா?"

அந்த நேரத்தில் கப்பல்காரர் பெஞ்சின் கடைசியில் கோட்டாக மடிந்து கிடந்தார். ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பஞ்சாபகேசன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சண்டை முடிஞ்சுபோச்சு. முடிஞ்சப்புறம் துக்கம் கேக்கறது எந்த நாட்டுக்கும் உள்ள மரியாதைதான்."

"பள்ளிக்கூடத்துல மறுபடி பால்பவுடரு வருமான்னு எங்க வீட்ல கேட்டாக" என்று ஒருவர் மெல்லச் சொன்னார்.

வீரணன் டீயை நின்று நிதானமாக ஆற்றினார். ஊர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது டீ ஆறுவதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும்.

"நல்லா யோசிச்சுப் பாருங்கப்பா. அந்த மனுசன் கப்பலத்தான் அனுப்புனாரு. ஒரு குண்டு போட்டாரா?"

"போடலயே" என்றது கடை மொத்தமும். நாங்கள் முன்னமே அப்படித்தான் நினைத்திருந்தோம் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தக் கோதுமையில் புழுவை நான் பார்த்ததே இல்லை என்றும் இருவர் சொன்னார்கள். மடிந்து கிடந்த கோட்டு லேசாக நிமிர்ந்தது.

கருமாதி பெரியாறு கால்வாய்க் கரையில் நடந்தது. எரிக்க வந்ததைவிடக் கூட்டம் அதிகம். எரிக்கும்போது யார் யார் முன்வரிசையில் நின்றார்களோ அவர்களே இப்போதும் நின்றார்கள். சின்னக்கருப்பனும் வந்து தள்ளி நின்றார். காசிமாயன் தலையையும் மீசையையும் எடுத்தான். மீசை போனபோது அவன் கண் கலங்கியது, தலைக்கு அவ்வளவு இல்லை. பிண்டத்தை வைத்துவிட்டுக் காக்காயைக் கூப்பிட்டான்.

காக்காய் வந்தது, கரைமேல் உட்கார்ந்தது, சோற்றைத் தொடவில்லை. போகிறவருக்கு மனக்குறை என்று அர்த்தம். சிறுமலைப் பக்கம் பார்த்துக்கொண்டு கோட்டு தனியாக நின்றது.

"கோட்டை நான் திருப்பிக் கேக்க மாட்டேன், நிம்மதியாப் போங்கோ" என்றார் பஞ்சாபகேசன். காக்காய் அசையவில்லை.

"ஒம்ம நாட்டு மேல எங்களுக்குக் கோவமில்ல" என்றார் வீரணன். காக்காய் தலையைத் திருப்பிக்கொண்டது.

கடைசியில் மலையாண்டி எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கோட்டுக்கு எதிரே போய் நின்றார்.

"அண்ணே. எம்மவன் ஒமக்கும் மகன்தான். நான் இருக்கையிலேயே சொல்லுதேன், ஊருக்கு முன்னால சொல்லுதேன். போதுமா?"

காக்காய் இறங்கிச் சோற்றைக் கொத்தியது. கூட்டம் மூச்சு விட்டது. சின்னக்கருப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தை ஏழாம் தேதி நல்ல நாளு" என்றார். கோட்டு கரையை விட்டு இறங்கி வயல்வரப்பு வழியாக மலையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. யாரும் எதுவும் பேசக்கூடாத நேரம் அது. காசிமாயனுக்கு அழுகை பொங்கிவிட்டது. மொட்டைத் தலையோடு கையெடுத்துக் கும்பிட்டான்.

"போயிட்டு வாங்கப்பா" என்றான்.

துக்கத்தில் யாரும் சொல்லக்கூடாத வார்த்தை. அதுவும் மகன் வாயால். மலையாண்டி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வரப்பில் போன கோட்டு நின்று, திரும்பி, ஒருமுறை தலையாட்டிவிட்டுப் போயிற்று.

வருகிறார். பின்னால் வந்த வருஷங்களில் மதுரைக்கு வேறு வேறு நாடுகள்மேல் கோபம் வந்தது. ஒவ்வொரு ஊர்வலத்திலும் மாசி வீதித் திருப்பத்தில் கூட்டத்தின் ஓரமாகத் தோளில் ஓட்டை விழுந்த பழுப்புக் கோட்டு ஒன்று நிற்கும். பானையில் முகம் மட்டும் அந்தந்த நாட்டுக்குத் தகுந்த மாதிரி மாறியிருக்கும். பக்கத்தில் நிற்கிறவரிடம், "என்னயப் பத்தி என்ன பேசிக்கிறாக?" என்று கேட்கும். வில்லாபுரத்தில் ஒருவர் பதில் சொல்லிவிட்டுப் பிறகுதான் வாடையைக் கவனித்தாராம். இன்றைக்கும் அவர் வீட்டில் மோர் வாங்கிக் குடிக்கிறவர்கள் முதலில் உள்ளே பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார்கள்.

தை ஏழாம் தேதி காசிமாயன் அன்னக்கொடி கழுத்தில் தாலி கட்டினான். பந்தியில் கடைசி இலைக்கு முன்னால் யாரும் இல்லை. ஆனாலும் பரிமாறப் பரிமாறச் சோறு குறைந்துகொண்டே வந்தது. பார்த்தவர்கள் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளாமல் சாப்பிட்டு எழுந்தார்கள்.

இதுவும் அதே வைகைத் தண்ணீர்மேல் சத்தியம்: காசிமாயன்-அன்னக்கொடி கல்யாணம் நடந்தது சண்டைக்கு முந்திய ஆவணியில். மாப்பிள்ளை முறுக்கிய மீசையோடு உட்கார்ந்திருந்த அந்தப் பந்தியில் ரசம் ஊற்றியவன் நான்.