கடுகளவு பெயிண்ட்

விடியுமுன் காரின் பானெட்டின் மேல் குனிந்தவள் இன்னும் நிமிரவில்லை. இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. டார்ச் பிடித்திருந்த என் வீட்டுக்காரரின் கை உதறியது. வெளிச்சமும் சேர்ந்து உதறியது.

"ஆடாம பிடிங்க. எனக்குப் புள்ளியே தெரியல."

"மெதுவா பேசு. யார் காதுலயாவது விழுந்து தொலையப் போகுது."

கார் எங்களுடையதல்ல, முதலாளியுடையது. அவருடைய வாடகைக் கார்கள் எல்லாமே வெள்ளை. இவர் அதில் ஒன்றை ஓட்டுகிறார். நான் அதே ஷெட்டில் கார் கழுவுகிறேன். ராத்திரி வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, உறை போட்டு மூடி, காலையில் ஷெட்டில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பெயிண்ட் எங்காவது பெயர்ந்திருந்தால் முதலாளி கையை நீட்டிச் சாவியைக் கேட்பார். சாவி போனால் வேலை போச்சு. இன்னொரு வண்டி ஓட்டிய தாடி அண்ணனுக்குப் போன வாரம் அப்படித்தான் போனது. அவர் வண்டியில் பெயர்ந்தது ஒரு மிளகளவு.

எங்கள் வண்டியில் கடுகளவுதான். ஆனால் அந்தக் கடுகளவு இடத்தில் தகரம் பல்லை இளித்தது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் மெழுகைத் துடைத்தேன். பென்சில் முனையில் ஒட்டிய உப்புத்தாளால் ஓரத்தை மட்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தேன். நகப்பூச்சுக் குப்பியில் ஒளித்துவைத்திருந்த வெள்ளைப் பெயிண்டில் தீக்குச்சியின் அடியை நனைத்து ஒரு சொட்டு வைத்தேன். இழுக்கக் கூடாது, சொட்டு தானாகக் குழிக்குள் உட்கார வேண்டும். அப்புறம் காய வேண்டும்.

தெருமுனையில் பைக் சத்தம் கேட்டது. சூப்பர்வைசர் சில நாள் வீடுவீடாக வந்து வேவு பார்ப்பான். இவர் பதறிப்போய் உறையை இழுத்து வண்டியை மூடிவிட்டார்.

"ஐயோ, ஈரம்!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

வந்தது பேப்பர் போடுகிறவர். உறையைத் தூக்கினால், அதன் உள்பக்கப் பஞ்சு ஒட்டிச் சொட்டுக்கு முடி முளைத்திருந்தது. மறுபடி செய்ய நேரமில்லை. இன்றைக்கு ஒருநாள் முதலாளிக்குக் கண் தெரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டே வண்டியில் ஏறினேன்.

ஷெட்டின் கேட்டுக்கு வெளியே வேலை போன நாளிலிருந்து தினமும் வருவதுபோல் தாடி அண்ணன் நின்றிருந்தார். உள்ளே வண்டிகளின் வரிசை. எந்நேரமும் விசிலடித்துக்கொண்டே ஓட்டுவதால் விசில் அண்ணன் என்று பெயர் வாங்கியவர்கூட வாயை மூடி நின்றார்.

முதலாளி ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் பானெட்டின் முன்னால் நின்றுவிட்டார்.

"என்னய்யா இது, காருக்கு மீசை முளைச்சிருக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரித்துக்கொண்டு நகத்தால் சுரண்டினார். சொட்டு அப்படியே உரிந்து வந்தது.

"சாவி."

"கல்லு தெறிச்சதுங்க முதலாளி," என்றார் இவர். "குவாரி ரோட்டுல, லாரிக்குப் பின்னாடி..."

"நேரம் மிச்சம்னு எல்லாரையும்தான் அந்த ரோட்டுல போகச் சொன்னேன். மத்தவன் வண்டி எப்படி பளபளன்னு நிக்குது? கல்லு உன்னை மட்டும் விலாசம் விசாரிச்சு வருதோ?"

இதற்கு எனக்குப் பதில் தெரியும். தினமும் ஈரத்துணியால் துடைக்கிறவள் நான். எல்லா வண்டியிலும் ஒட்டுப்போட்ட புள்ளியில் துணி தட்டும். வீட்டுக்கு வீடு ஒரு குப்பி, ஒரு தீக்குச்சி. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர். சொன்னால் எல்லார் சாவியும் போகும். சொல்லாவிட்டால் எங்கள் அடுப்பு அணையும்.

இவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க முதலாளி," என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை.

"நீ போய்த் துணியைப் பிழி."

விசில் அண்ணனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். பிறகு கேட்டைப் பார்த்தார், தாடி அண்ணன் நின்ற இடத்தை. அப்புறம் விறுவிறுவென்று தன் வண்டிக்குப் போய்க் குனிந்து, நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினார்.

"என் வண்டியிலயும் தெறிச்சுது முதலாளி. இங்க ஒண்ணு. இந்தா, இங்க ஒண்ணு. குப்பியைக் குளியலறையில ஒளிச்சு வச்சிருக்கேன். என் சம்சாரத்துக்கே தெரியாது."

அடுத்த வண்டியில் இன்னொருவர் குனிந்தார். அதற்கடுத்த வண்டியிலும். வெள்ளைத் துணுக்குகள் தரையில் உதிர்ந்தன.

"அடப்பாவி, நீயுமா?"

"நீ மட்டும் என்ன ஒழுங்கு?"

அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று தெரியவில்லை. எல்லாப் புள்ளியும் வண்டிகளின் முன்பக்கம்தான் இருந்தது, லாரிக் கல் தெறிக்கிற பக்கம்.

முதலாளியின் முகம் கறுத்தது. "கூட்டம் சேர்த்து மிரட்டுறீங்களா? அத்தனை பேர் சாவியையும் பிடுங்கிடுவேன்!"

"பிடுங்குங்க," என்றார் விசில் அண்ணன். பக்கத்தில் காலியாகக் கிடந்த என் கழுவும் வாளியில் தன் சாவியைப் போட்டார். "ஆனா ஒண்ணா பிடுங்குங்க. ஒத்தையா ஒருத்தன்கிட்ட மட்டும் கை நீட்டாதீங்க. குவாரி ரோட்டுக்கு இனி வண்டி போகாது. தாடி உள்ள வரணும். அதுவரைக்கும் ஒரு வண்டியும் நகராது."

சாவிகள் ஒன்றன் மேல் ஒன்றாக வாளிக்குள் விழுந்தன. கடைசியாக என் வீட்டுக்காரர் போட்டார்.

ஆபீஸில் போன் அடித்தது. ஏதோ சவாரி காத்திருக்கிறது. மறுபடி அடித்தது. முதலாளி வாளியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "போலீஸைக் கூப்பிடறேன், இருங்க," என்று உள்ளே போனார். கூப்பிட்டாலும் கூப்பிடுவார். நாளைக்கே வேறு ஆட்களை வைத்தாலும் வைப்பார். நான் சாவி வாளியைக் கையில் தூக்கிக்கொண்டேன். தாடி அண்ணன் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கேட் காவல்காரர் தெரியாததுபோல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்கா?" என்று இவர் என் காதருகே கேட்டார்.

"உசிரே போகுது. பேசிட்டு நிக்காம வாளிக்கு ஒரு கை கொடுங்க, கனக்குது."

இவர் கையை நீட்டுவதற்குள் நாலைந்து கைகள் வாளியைப் பிடித்துவிட்டன.