பயில்வானின் சட்டையில் இரண்டு விரல் துணி

௧

இக்கதை எனக்கு அருளால் உதித்ததன்று. ஒரு படிவத்தால் உதித்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் தங்கை மகள் ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்றில் கள ஆய்வாளர். கைக்குழந்தைக்கு எதை, எப்படி ஊட்டலாம் என்று சொல்லும் கையேடு ஒன்று அச்சாகவிருந்தது. அதற்குமுன் அதிலுள்ள யோசனைகளைச் சில வீடுகளில் ஒரு வாரம் செய்துபார்க்கச் சொல்லி, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கேட்டறிவது அவள் பணி. மொழி திருத்துவதற்காக என்னிடம் வந்த படிவங்களுள் ஒன்றில், 'செய்ய முடிந்ததா?' என்ற கேள்விக்கு எதிரே இப்படி இருந்தது: 'கரண்டி நின்றது.'

துதிப்பாடல்களில் அரை நூற்றாண்டு ஊறிய நெஞ்சு துள்ளிக் குதித்தது. கரண்டி நின்றது! ஏன் நின்றது? யார் நிறுத்தினார்? இறைவா, இதை எழுதாமல் எப்படி உறங்குவேன்?

௨

முதல் வரைவின் தொடக்கம்:

'கார்முகில் பொழிந்த வெண்பாலோ எனக் கலயத்துள் கஞ்சி அலையெறிய, கயல்விழி மங்கையொருத்தி தன் கண்மணியை மடியிருத்தி—'

தங்கை மகள் இங்கேயே நிறுத்திவிட்டாள்.

"மாமா, அவங்க டெய்லர். மடியில துணிதான் இருக்கும். பையன் மெஷினுக்குக் கீழ உருண்டுகிட்டு இருப்பான்."

"கயல்விழி?"

"கண்ணாடி போட்டிருக்காங்க."

இரண்டாம் வரைவு: 'ஒரு தையற்காரி. அவளுக்குப் பத்து மாதத்தில் ஒரு மகன். இரண்டு மாதங்களாக அவன் எடை ஏறவில்லை.'

எதுகையில்லை, மோனையில்லை. ஆனால் மூன்றாம் வாக்கியத்தை எழுதியதும் என் கை தானாக நின்றது. இதுவே தொடக்கமாகட்டும்.

(மகனை வீட்டில் 'பயில்வான்' என்று அழைக்கிறார்கள். பட்டத்தை முன்கூட்டியே கொடுத்தாயிற்று; உடம்பு பின்னால் வந்து சேரும் என்ற நம்பிக்கை.)

௩

முதற்சந்திப்பு.

"நேத்து பையன் என்ன சாப்பிட்டான்?"

"கஞ்சி."

"எவ்வளவு?"

"என் தட்டுல இருந்துதான் ஊட்டுவேன் மேடம். அவன் கொஞ்சம், நான் கொஞ்சம்."

"அவன் கொஞ்சம்னா எவ்வளவு?"

நாற்பது பேரின் கழுத்தளவை மனப்பாடமாகச் சொல்பவளுக்குத் தன் மகன் தின்ற அளவு தெரியவில்லை.

[இவ்விடத்தில் அவளை அழவைத்து அரைப்பக்கம் எழுதினேன். பின்னர் நீக்கினேன். காரணம் ஐந்தாம் பகுதியில்.]

தங்கை மகள் மூன்று யோசனைகளை முன்வைத்தாள். கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பதத்துக்குக் கஞ்சியைக் கெட்டியாக்கலாம். பருப்பையோ முட்டையையோ மசித்துச் சேர்க்கலாம். பையனுக்கென்று தனிக் கிண்ணம் வைக்கலாம். கட்டாயம் எதுவுமில்லை, முடிந்ததை எடுத்துக்கொள்ளலாம்.

"கெட்டியாக் காய்ச்சுறேன். பருப்பும் போடுறேன். தனிக் கிண்ணம் மட்டும் வேண்டாம் மேடம்."

"ஏங்க?"

"கழுவுறது யாரு? இவரா?"

தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் ஒட்டுவது கணவரின் தொழில். அவர் அந்தக் கணமே எதிர்ச்சுவரை வெகு கவனமாக ஆராயத் தொடங்கினார்.

௪

ஏழு நாள் கழித்து.

"முதல் நாளே கெட்டுது மேடம். துணி நனைஞ்சா சுருங்கும்னு எப்பவும் ரெண்டு விரல் கூட விட்டுத்தான் தைப்பேன். அதே புத்தி. எதுக்கும் இருக்கட்டும்னு மாவு ரெண்டு கரண்டி கூடப் போட்டுட்டேன். ஆறினதும் கரண்டி நட்டுவச்ச மாதிரி நின்னுடுச்சு."

"எங்க சிமெண்ட்டுக்கே அந்தப் பதம் வராது மேடம்" என்றார் கணவர். "ரெண்டு டைல்ஸ் ஒட்டிப் பார்க்கிறேன்னு கேட்டேன். தரமாட்டேன்னுட்டா."

"அதான் காலர் விறைப்புக்கு எடுத்து வச்சுட்டேனே."

"பையன்?"

"துப்பினான். என் மேல, இவர் மேல, கஸ்டமர் கோட்டு மேல."

(அடிக்குறிப்பு போல ஒன்று: பிள்ளைத்தமிழில் பாட்டுடைத் தலைவருக்குப் பத்துப் பருவங்கள். குழந்தை தலையாட்டுகிறது, கைகொட்டுகிறது, முத்தம் தருகிறது, நிலாவோடு விளையாடுகிறது. ஒரு பருவத்திலேனும் கஞ்சியைத் துப்புவதில்லை. இத்தனை காலம் இக்குறையை நான் கவனியாதது எனக்கே வியப்பு.)

மறுநாள் மாவைக் குறைத்து, பருப்பை மசித்து, சூடு தணிந்தவுடனே ஊட்டியிருக்கிறாள். சாப்பிட்டான்.

"எவ்வளவு?" என்று கேட்டாள் தங்கை மகள். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தையற்காரி எழுந்துபோய் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். பொத்தான் போட்டுவைக்கும் கிண்ணம் அது. இப்போது அதன் வெளிப்புறத்தில், துணியில் குறியிடும் நீலக் கட்டியால் வரிவரியாகக் கோடுகள்.

"இதுவரைக்கும் ஊத்துவேன். மிச்சம் எங்க நிக்குதுன்னு கோடு போடுவேன். ரெண்டாம் நாள் இங்க. நேத்து பாருங்க, அடியில."

"தனிக் கிண்ணம் வேண்டாம்னீங்களே?"

"இது கிண்ணம் இல்ல மேடம். அளவு."

"யாரு கழுவுறாங்க?"

"நான்தான்" என்றார் கணவர். "கோடு அழியாம உள்பக்கம் மட்டும் கழுவணுமாம். டைல்ஸ் எவ்வளவோ தேவலாம்."

பல வீடுகள் மறுத்துவிட்டதால், 'தனிக் கிண்ணம்' என்ற வரியைக் கையேட்டிலிருந்தே நீக்கவிருந்தார்கள். தங்கை மகள் அதை அடித்துவிட்டு, 'குழந்தை எவ்வளவு சாப்பிட்டது என்று உங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒரு பாத்திரம்' என்று எழுதினாள். நான் மொழி திருத்துபவன். அதில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை.

௫

எடை? ஒரு வாரத்தில் அது பேசாது என்றாள் தங்கை மகள். ஒரு மாதமாவது வேண்டுமாம். அந்த ஒரு மாதமும் பொறுக்கமாட்டாமல் நான் மூன்று முடிவுகள் எழுதினேன்:

அ) எடை ஏறியது. வானோர் மலர் சொரிந்தனர். (மலரை அடித்துவிட்டேன்.)

ஆ) ஏறவில்லை. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு

இ) சற்றே ஏறியது, ஆயினும்

எடைபோடும் நாளில் வரைவுகளோடு நானும் அவ்வீட்டுக்குப் போனேன். யோசனைகளை வீட்டில் சோதிக்கலாம் எனில், கதையைச் சோதிக்கலாகாதா? படித்துக் காட்டினேன்.

"நான் எங்க ஐயா அழுதேன்?"

"கதைக்காக அம்மா…"

"அன்னைக்கு அழ நேரம் ஏது? மறுநாள் மூணு கோட்டு டெலிவரி." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மேலும் கேட்டாள்: "எடை ஏறிடுச்சுன்னு வேற எழுதியிருக்கீங்க? இன்னும் போடவே இல்லையே. அளவு எடுக்காம யாராச்சும் வெட்டுவாங்களா?"

கணவர் கிண்ணத்தைத் துடைத்தபடி சிரித்தார். நானும் சிரித்தேன். எழுத்தாளன் தன் முடிவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது இத்தனை உல்லாசமான காரியம் என்று அன்றுவரை அறியேன்.

௬

இதோ, விட்டத்தில் தராசு தொங்குகிறது. அதன் தொட்டிலில் பயில்வான். இருகாலாலும் உதைக்கிறான், ஊசி இப்படியும் அப்படியும் கூத்தாடுகிறது. தங்கை மகள் குனிந்து, அது நிற்பதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

தையற்காரி தராசைப் பார்க்கவில்லை. அவள் மடியில் அவனுடைய சட்டை. போன மாதம் தைத்தது; உடம்பு வந்தால் பிரித்துப் பெரிதாக்கலாமென்று உள்மடிப்பில் இரண்டு விரல் துணி விட்டுத் தைத்தது. பிரிக்கும் ஊசியின் முனையை முதல் தையலின்மேல் வைத்துக்கொண்டு, தலை நிமிராமலே கேட்கிறாள்:

"சொல்லுங்க மேடம். பிரிக்கவா?"

தங்கை மகள் திரும்பி என்னைப் பார்க்கிறாள்.

நான் உங்களைப் பார்க்கிறேன்.