ஜெய்சல்மேரில் செத்துப்போன அக்கா

லண்டன் குட்மேய்ஸ் வீட்டு வரவேற்பறையில் பாலேந்திரா ஜெய்சல்மேர்க் கோட்டையின் படத்தைப் பெரிதாக மாட்டியிருந்தார். வருகிறவர்களை அதன் முன்னால் நிறுத்தாமல் விடமாட்டார். பாலைவனத்துக்கு நடுவில் எண்ணூறு வருஷத்துக் கோட்டை, உள்ளே இன்னும் சனம் குடியிருக்குது என்று தொடங்கினால் ஓயமாட்டார். மனைவி தவநாயகி அந்த நேரம் குசினிக்குள் போய்விடுவாள்.

உண்மையில் ஜெய்சல்மேருக்குப் போக ஆசைப்பட்டவள் அவள்தான். பிரித்தானியப் பாஸ்போட் கிடைத்த கையோடு, தொண்ணூற்றுமூன்று மார்கழியில் போனார்கள். கோட்டையடி விடுதியில் பாஸ்போட்டைப் புரட்டிய முகாமையாளர், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கண்டதும் பொலிசைக் கூப்பிட்டுவிட்டார். சிறீபெரும்புதூர்க் குண்டுவெடிப்புக்குப் பிறகு இந்தியாவில் அந்த ஊர்ப்பெயரே சந்தேகத்துக்குரியதாகியிருந்தது.

வந்த இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் கேட்டார்: "யாழ்ப்பாணத்தில் உங்களுக்கு இப்போது யார் இருக்கிறார்கள்?"

பாலேந்திராவின் அக்கா சிவனேஸ்வரி அப்போது கொக்குவிலில், கரண்ட் இல்லாத வீட்டில் தனியாக இருந்தாள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள்.

"ஒருவரும் இல்லை. ஒரு அக்கா இருந்தார். ஷெல் விழுந்து இறந்துபோனார்," என்றார் பாலேந்திரா ஆங்கிலத்தில். குரல்கூடத் தழுதழுத்தது.

இன்ஸ்பெக்டர் அனுதாபம் சொல்லித் தேநீர் வரவழைத்தார். வழிகாட்ட ஒரு கான்ஸ்டபிளையும் அனுப்பினார்.

மாலை வெயிலில் மஞ்சள் கல் மதில்கள் தகதகத்தன. கொத்தளத்தில் ஒரு பெண் காயப்போட்ட மிளகாயை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அந்த மதிலோட நில்லும், ஒரு படம் எடுப்பம்."

தவநாயகி அசையவில்லை. "அக்காவைச் சாகடிச்சுப்போட்டோ கோட்டை பாக்க வந்தனீங்கள்?"

"விசர்க்கதை கதையாதையும். உயிரோட இருக்கிறா எண்டிருந்தா இண்டைக்கு ஸ்டேஷனிலதான் படுத்திருப்பம். சொன்னாப்போல செத்திடுவாவே?"

அதற்குப்பிறகு அவள் பார்த்தது எதுவும் மனதில் நிற்கவில்லை.

அடுத்த ஆவணியில் சிவனேஸ்வரி யாழ்ப்பாணத்தைவிட்டு, கிளாலிக் கடலைத் தாண்டிக் கொழும்புக்கு வந்து போன் எடுத்தாள். "தம்பி, என்னை அங்க கூப்பிட ஏலுமோ?"

"லேசில்லை அக்கா. சட்டமெல்லாம் இறுக்கிப்போட்டாங்கள். பாப்பம்."

ரிசீவரை வைத்தவர், கிறிஸ்மஸ் லீவுக்கு எகிப்து போவமா என்று தவநாயகியைக் கேட்டார்.

"நான் வரேல்லை. நான் கொழும்புக்குப் போறன், மச்சாளிட்ட."

"அப்ப எகிப்துக்கு எனக்கு மட்டும் டிக்கெட் போடவோ?"

"உங்கடை விருப்பம்," என்றாள் அவள்.

பாலேந்திரா எகிப்துக்குத் தனியாகத்தான் போனார்.